தாடை ஆபரேஷனுக்குப் போன பாளையங்கோட்டை கிளினிக்: தாடைக்கு நாலரை, மனசுக்கு மூன்று

கீழ்த்தாடை துருத்தியிருக்கிறது, மேல்வரிசை எத்திக்கொண்டிருக்கிறது, முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது என்று ஏதோ ஒன்றுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் டாக்டர் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போன இடத்துக்கு கூகுளில் ஐந்து நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது, எல்லாம் "நல்ல டாக்டர், வலியே தெரியவில்லை, அன்பாகப் பேசுகிறார்கள்" ரகம். பொய் இல்லை, உண்மைதான். ஆனால் இந்த வைத்தியம் ஒன்றரை, இரண்டு வருஷம் இழுக்கும், அத்தனை நாளும் நம் மண்டைக்குள் ஓடுவதை இவர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ஒருத்தரும் எழுதவில்லை. நான் தேடியது அதைத்தான். கிளினிக் பெயரைப் போடப் போவதில்லை, குறையும் நிறைய சொல்லப் போகிறேன். எங்கே போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

என்னுடையது மூன்றாம் வகைக் கடி (மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடு ஒன்று சேர்கிற விதத்தைத்தான் கடி என்கிறார்கள்). 1899இல் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த கணக்கில்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் முதல் வகையில் கடி சரி, பல் நெருக்கம்தான் தொந்தரவு. இரண்டாவதில் கீழ்வரிசை பின்தங்கிவிடும். மூன்றாவதில் கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். 1700இல் செத்துப்போன ஸ்பெயின் ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் இதே நாடிதான் (முகவாயை நாங்கள் நாடி என்போம்), அவர் வம்சமே அதற்குப் பேர்போனது. எங்கள் வீட்டில் முக்கூடல் தாத்தா ஜாடை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாடியன். பரோட்டாவை முன்பல்லால் கடித்து இழுக்க வராது, பிய்த்துப் பிய்த்துக் கடைவாய்க்குத்தான் அனுப்ப வேண்டும், அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருவேன். சிரித்தால் கை தானாக வாய்க்கு முன்னால் போய்விடும். தாடி வளர்த்தது ஸ்டைலுக்கு என்று ஆபீஸில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான், கொரோனாவில் மாஸ்க் கட்டாயமாக இருந்த காலத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் கழற்றிய பிறகும் நான் ரொம்ப நாள் கழற்றவில்லை.

இந்த கிளினிக்குக்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் இன்னொரு இடத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., டிவியில் ஓயாமல் சிரிக்கும் வாய்கள். உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் போனில் என்னைப் படம் எடுத்து, நாடியைச் சின்னதாக்கி, பல்லை வெள்ளையாக்கி, "இதுதான் சார் நீங்க" என்று காட்டினார்கள். எக்ஸ்ரே கிடையாது. நாலு பல்லைச் செதுக்கி உறை போட்டுவிட்டால் போதும், தவணையிலும் கட்டலாம் என்றார்கள். தயங்கினேன். பில் போடுகிற இடத்தில் இருந்தவர், "இந்த முகத்தோட பொண்ணு பாக்கப் போனா எப்படி சார் இருக்கும், யோசிச்சுக்கோங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை, அப்படிப் பேசினால் ஆள் பணம் கட்டுகிறான் என்பது அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. தன் முகத்தைப் பற்றி ஏற்கெனவே நொந்துபோய் வருகிறவனிடம் அந்த நோவையே காட்டி வியாபாரம் பண்ணுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எலும்பில் இருக்கிற கோளாறுக்குப் பல்லில் உறை மாட்டுவது வைத்தியமே இல்லை.

பாளையங்கோட்டை இடம் நேர்மாறு. பழைய வீட்டைக் கொஞ்சம் மாற்றி கிளினிக் ஆக்கியிருக்கிறார்கள், உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலியில், மின்விசிறி சத்தம் போடும். பல் சீரமைப்பு டாக்டர் ஒரு அம்மா, நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். முழுவாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு மண்டை எக்ஸ்ரே, பல் அச்சு, முகத்தை எல்லாக் கோணத்திலும் போட்டோ என்று முதலில் அதையெல்லாம் எடுத்தார்கள். போட்டோவைப் பெரிய திரையில் போடுவதற்கு முன்னால், "தம்பி, உங்க சைடு போட்டோவ பெருசா காட்டப் போறேன், இப்ப பாக்கணுமா, அடுத்த தடவை பாக்கலாமா?" என்று கேட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் தன் பக்கவாட்டு முகத்தைக் கண்ணாடியில் யாரும் பார்ப்பதில்லை, ஊரெல்லாம் பார்க்கிறதை நாம் மட்டும் பார்த்திருக்க மாட்டோம். நான் அடுத்த தடவை என்றேன், சரி என்று மூடிவிட்டார். இதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம்.

அப்புறம் இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்றில் 22 கேள்வி, தாடை அறுவைக்கு வருகிறவர்களுக்கென்றே லண்டனில் தயார் செய்து 2000இல் வெளியிட்டதாம், இவர்களே தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கடிக்க முடிகிறதா என்பதோடு நிற்காமல், போட்டோ எடுத்தால் பிடிக்காதா, புது ஆட்களைப் பார்க்கும்போது வாயை மறைக்கிறீர்களா என்றெல்லாம் போகிறது. படித்ததும் வாயிலிருந்த கையை எடுத்தேன். இன்னொன்று மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள், பிஎச்கியூ-9 என்பார்கள், நிறைய ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது வழக்கம். எனக்குப் பத்தைத் தாண்டியது.

இங்கேதான் கிளினிக்குக்கு நான் போடுகிற முதல் மார்க் போனது. அந்த ஒன்பதாவது கேள்வி உயிரை விடத் தோன்றியதா என்பது. அப்படிப்பட்ட தாளை நிரப்பியதும் எங்கே கொடுக்கச் சொன்னார்கள் தெரியுமா, ரிசப்ஷனில். அங்கே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு கிளிப் அட்டை, எனக்கு முன்னால் வந்த பெண் என்ன டிக் அடித்திருக்கிறாள் என்பதை நான் படிக்காமல் இருக்கப் பாடுபட வேண்டியிருந்தது. ஒரு கவர் என்ன விலை? கேட்டால், "யாரும் பாக்க மாட்டாங்க அண்ணே" என்கிறாள் ரிசப்ஷன் தங்கச்சி. பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் கையை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

டாக்டர் அடுத்து செய்த காரியம் எங்கள் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னது. "இந்த ஆபரேஷன் உங்க ஆசையா, வீட்டு ஆசையா? ஆபரேஷன் முடிஞ்சதும் என்ன மாறும்னு நினைக்கீங்க?" என்று கேட்டார். கல்யாணம் ஆகும், கவுண்டரை விட்டு மேனேஜர் ஆவேன் என்று என்னமோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை, "நாடி உள்ள போகும், கடி சேரும், அதுவரைக்கும் நான் பொறுப்பு" என்று சொல்லி மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதினார். அம்மா அதைப் பார்த்துக் கொதித்துவிட்டாள். "எம்மா டாக்டரம்மா, எம் புள்ளைக்கு மூளையில ஒரு கோளாறும் இல்லம்மா, நாடிதான் கொஞ்சம் நீளம்." அதற்கு டாக்டர் பொறுமையாகச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது, தெரிந்துகொள்ள வேண்டியதும்கூட.

பொதுவாக நாம் என்ன நினைப்போம், முகம் எவ்வளவு கோணலோ அவ்வளவு கவலை என்று. அப்படி ஒரு கணக்கு கிடையாதாம். ஃபிரான்சிஸ் மெக்ரெகர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் முகக் குறை உள்ளவர்களோடு பல வருஷம் வேலை செய்தவர், பல், தாடைக் குறைகளைப் பற்றி 1970இல் எழுதியபோது லேசான குறை உள்ளவர்கள் சில சமயம் கூடுதலாகத் தவிக்கிறார்கள் என்றார். பெரிய குறை என்றால் எதிரே இருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று பழகிப்போய்விடும், சின்னதாக இருந்தால் ஒருத்தர் கேலி பண்ணுவார், அடுத்தவர் கண்டுகொள்ளவே மாட்டார், இப்போது வரப்போவது எது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் அம்பை (அம்பாசமுத்திரம்) பஸ்ஸில் ஏறும்போது எனக்கு நடப்பது அச்சு அசலாக அதுதான். இன்னொரு பக்கம், பார்க்கிறவர் கண்ணுக்கே தெரியாத குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் தேடுகிற நோயும் இருக்கிறது. அமெரிக்க மனநலக் கையேட்டில் அதை எண்ணச் சுழற்சி நோய்களோடு (ஓசிடி ரகம்) சேர்த்து வைத்திருக்கிறார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் போல அது இருக்கலாம், முகத்தைத் திருத்த வருகிறவர்களிடம் அதைவிடக் கூடுதல். அவர்களுக்கு ஆபரேஷன் பண்ணினாலும் பெரும்பாலும் நிம்மதி வராது, அடுத்து மூக்கைக் காட்டுவார்கள். அதனால்தான் கத்தியை எடுக்கும் முன் கேட்க வேண்டியிருக்கிறது, பைத்தியமா என்று சோதிக்க இல்லை. அம்மா பாதி சமாதானம் ஆனாள்.

ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள், வியாழன் மட்டும் வருகிறார். இளம் வயதுக்காரர், முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, எக்ஸ்ரே அறையை ஒட்டிய சின்ன அறை, பக்கத்தில் பல்லை ராவுகிற சத்தம். ஆனால் மனுஷன் வேலைக்காரர். ஆறுதல் சொல்லவே இல்லை, வேலை கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கர்சீப் இல்லாமல், பாளையங்கோட்டையிலிருந்து அம்பை வரைக்கும் யார் யார் உங்களைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், ஏறும் முன் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எழுதி வையுங்கள் என்றார். நான் எழுதிய எண் பஸ் கொள்ளளவுக்குக் கிட்டே. சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, ஆட்கள் போனைப் பார்க்கிறார்கள் அல்லது தூங்குகிறார்கள், ஒரு குழந்தை மட்டும் பார்த்தது, அது என் வாட்சைப் பார்த்தது. இப்படியே டீக்கடையில் சத்தமாகச் சொல்லி டீ வாங்குவது, கஸ்டமரிடம் தலையைத் தூக்கிப் பேசுவது. தாடையில் கை வைக்காமலேயே எனக்குப் பாதி பாரம் இதில் குறைந்தது, இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

இனி குறை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் கம்பி போட வேண்டும். பிறவியிலேயே தாடை தள்ளியிருந்தால் பல்லெல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி சாய்ந்து கோளாறை ஓரளவு மூடி மறைத்துக்கொண்டிருக்கும். ஆபரேஷனில் எலும்பைச் சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் முதலில் அந்தச் சாய்வை நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்தினால் மறைந்திருந்த கோளாறு முழுசாக வெளியே வரும். அதாவது காசு கொடுத்து, மாதா மாதம் போய், முகம் முன்பைவிட மோசமாகும். இது எல்லோருக்கும் நடப்பது, தப்பில்லை. ஆனால் இதை டாக்டர் ஆரம்பத்தில் ஒரே ஒரு வரியில் சொன்னார், நாலு பக்கம் சம்மதப் படிவத்துக்கு நடுவில். எட்டாவது மாசம் வாக்கில் கண்ணாடியைப் பார்த்தபோது அந்த வரி ஞாபகத்துக்கு வருமா? கல்லிடைக்குறிச்சி பெரியம்மை, "என்னய்யா, கம்பி போட்டு இன்னும் முன்னால வந்துட்டு?" என்று கேட்டாள், அவள் கேட்டதில் என்ன தப்பு, வந்துதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆலோசகர் சந்திப்புகள் முடிந்துவிட்டிருந்தன. ஆரம்பத்தில் மனச்சோர்வுத் தாளில் மார்க் குறைந்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள். மனசு ரொம்பக் கீழே போகிற கட்டம் இது என்று இத்தனை வருஷம் இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. நானாகக் கேட்ட பிறகுதான் மறுபடி டோக்கன் போட்டார்கள்.

ஆபரேஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகச் செய்தார்கள். முகத்தாடை அறுவை மருத்துவர் வேறொரு ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்தார். முழு மயக்கம், வெட்டு எல்லாம் வாய்க்குள்ளேயே, வெளியே தழும்பு கிடையாது. மேல்தாடையை முன்னுக்குத் தள்ளி, கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து பின்னுக்கு நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் போட்டு முடுக்குவார்கள். கீழ்த்தாடையைப் பிளக்கிற அந்த முறையை டிராவ்னர், ஒப்வெகேசர் என்ற இரண்டு பேர் 1957இல் ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குத் தெரியவைத்தார்களாம். கீழ் உதடு மரத்துப்போகும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார்கள், நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. எனக்கு நாடிக்கு வலப்பக்கம் ஒரு இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, டீ வழிந்தால் தெரியாது.

அதற்குப் பின்னால் வந்ததுதான் எனக்குக் கஷ்டம். இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், பல்லுக்குப் பல் ரப்பர் மாட்டியிருக்கும், வாய் திறக்க முடியாது. வீட்டில் அம்மா தேங்காய்ப்பால் சொதியை வடிகட்டி, உளுந்தங்கஞ்சியை நீர்க்க விட்டு, சிரிஞ்சில் ஊற்றிக் கொடுத்தாள் (காய் இல்லாத சொதியை அதற்கு முன் நான் யோசித்ததுகூட இல்லை, சொல்லப்போனால் அதுதான் எனக்கு உயிர் கொடுத்தது). இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை. கண்ணாடியில் இருப்பது யார் என்று தெரியவில்லை, பழைய முகம் வேண்டாம் என்றுதானே இவ்வளவும், ஆனால் அது போன பிறகு யாரோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்பா, "இவ்வளவு செலவு பண்ணிட்டு அழுதா என்ன அர்த்தம்ல?" என்கிறார். கிளினிக் வாட்ஸ்அப்பில் எழுதினால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று பதில். நான் எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்கவில்லையே. வீக்கம், சரியான சாப்பாடு இல்லாதது, தூக்கம் கெட்டது, வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, பழகாத முகம் எல்லாம் சேர்ந்து இந்த வாரங்களில் மனசு சரிவது நிறைய பேருக்கு நடக்கும், பெரும்பாலும் வீக்கம் வடிய வடியத் தானாக ஏறிவிடும் என்று ஆலோசகரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதை ஒரு தாளில் அச்சடித்து டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டு ஆட்கள் கையிலும் ஒன்று கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் பாதி சண்டை நடந்திருக்காது. மனசுக்கு மூன்று மார்க் போட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கடி சேர்ந்துவிட்டது, பரோட்டாவை முன்பல்லால் கடிக்கிறேன், "ஸ" வழுக்குவது குறைந்திருக்கிறது. நாடி உள்ளே போயிருக்கிறது. ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயில் பக்கம் போனபோது கூடப் படித்தவன் ஒருத்தன் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனான், எனக்கு அது சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாடிய எடுத்துட்டியால? நல்லாருக்கு" என்றார். எலும்பை வெட்டி நகர்த்தியிருக்கிறார்கள், அவருக்குத் தாடிதான் தெரிந்தது. மேனேஜர் ஆகவில்லை.

பிள்ளைகளுக்காகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். தாடை வளர்ந்து முடிந்த பிறகுதான் இந்த ஆபரேஷன், பையன்களுக்குப் பதினெட்டு தாண்டியும் ஆகலாம், பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னால். எட்டு ஒன்பது வயதிலேயே கூட்டிக்கொண்டு போனால் சிலருக்கு முகத்தில் மாட்டும் கருவியால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்க முடியும், எனவே சீக்கிரம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. பதிமூன்று பதினாலு வயதில் வருகிற பையனிடம் "வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எலும்புக்கு அது சரி. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற வகுப்பில் அவன் நாலு வருஷம் உட்கார வேண்டியிருக்கிறது, அந்த நாலு வருஷத்துக்கு யாராவது அவனோடு பேச வேண்டும். இந்த கிளினிக்கில் பெரியவர்களுக்கு மட்டும்தான் கேள்வித் தாள் கொடுக்கிறார்கள், சின்னவர்களுக்கு இல்லை. இதை நான் சொல்லிவிட்டு வந்தேன், தலையாட்டினார்கள்.

காசு விஷயம்: லட்சங்களில் ஆகும், கம்பிக்குத் தனி, ஆபரேஷனுக்குத் தனி, ஆலோசகருக்கும் தனி. அழகுக்காகச் செய்கிற அறுவையை மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்காது, அதனால் கடிக்க முடியவில்லை, பேச்சு வழுக்குகிறது என்பதையெல்லாம் டாக்டரை எழுதித் தரச் சொல்லி, முதலிலேயே கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆலோசகர் கட்டணம் கட்ட முடியாதவர்கள் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலிமானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். நான் இரண்டாவது வாரத்தில் ஒரு தடவை கூப்பிட்டேன், வாய் திறக்க முடியாமல் முனகியதைக்கூடப் பொறுமையாகக் கேட்டார்கள்.

போவதென்றால் சனிக்கிழமை வேண்டாம், தென்காசி, வள்ளியூர், திசையன்விளை ஆட்கள் எல்லாம் அன்றைக்குத்தான் இறங்குவார்கள். வியாழன் காலையில் போங்கள், ரிசப்ஷனில் ஆலோசகருக்கும் சேர்த்தே டோக்கன் கேளுங்கள், கம்பி மாட்டுகிற மாசங்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிந்தின வாரங்களுக்கும் இப்போதே தேதி எழுதி வாங்கிவிடுங்கள். தாள் நிரப்பினால் டாக்டர் கையில் நேராகக் கொடுங்கள்.